முக்காலிப் படகின் பதினோராவது போல்ட்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் முழுச் சுகம், அம்மா முக்கால் சுகம், மீதிக் கால் அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டுக்குள் இருக்கிறது, அதுவும் நாளுக்கு நாள் தேறி வருகிறது, அதனால் பதறாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் குடியிருப்பு லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது ஒரு உறுமல் வருகிறது என்றாயே, அதை யாராவது வந்து பார்த்தார்களா, பார்க்கும்வரை படியில் ஏறு, முழங்காலுக்கும் நல்லது. போன வாரம் முகம் தெரிகிற மாதிரி போனில் பேசினோமே, அப்போதுதான் நீ அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தாய், என்னம்மா ஆச்சு என்று அலறினாய், அவள், உங்கப்பாவைக் கேளு, என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள், நான் கயிறு இழுத்துவிட்டது என்று மென்று விழுங்கினேன். அது பொய் இல்லை, ஆனால் நடந்ததில் அது ஒரு நுனிதான். போனை வைத்ததும் அம்மா சொன்னாள், நான் சொன்னா கோபத்துல ரெண்டு மடங்காக்கிடுவேன், நீங்க போன்ல சொன்னா பாதியாக்கிடுவீங்க, உட்கார்ந்து முழுசா எழுதுங்க, என்று. மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்றைக்கு அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள், இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

படகு கட்டிய கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நூலகத்தில் வேண்டாத தாள்களை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள், அதில் ஒரு சுருள், ஐம்பது வருடத்துக்கு முந்தைய வரைபடம், அந்தக் காலத்தில் வீட்டுக் கொட்டகையில் ஆட்கள் தாங்களே கட்டிக்கொள்ளட்டும் என்று யாரோ புண்ணியவான் வரைந்தது. பதினெட்டு அடியில் நடுவே ஒல்லியாக ஒரு உடல், இரண்டு பக்கமும் சீவிய பென்சில் மாதிரி ஒவ்வொரு மிதவை, மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு குறுக்குக் கட்டைகள், அந்தக் கட்டைகளைப் பிடிக்கப் பதினாறு போல்ட். எல்லாம் பிளைவுட். ட்ரைமரான் என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரின் வாலில் தொங்குவது நம்முடைய கட்டுமரத்தின் மரம்தான் என்று தெரிந்ததும் எனக்கு என்னவோ பாட்டன் சொத்து கிடைத்த மாதிரி உரிமை வந்துவிட்டது. லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஆறு வருடம். பலகையைச் செம்புக் கம்பியால் தைத்து, இடுக்கில் எபாக்சி பசை அடைத்து, மேலே கண்ணாடி நார்த் துணி ஒட்டி, திரும்பவும் பசை, திரும்பவும் தேய்ப்பு. பசையைக் கலந்தால் இருபது நிமிடம்தான், பூசி முடிக்காவிட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும், அப்படிக் கல்லான டப்பாக்களை அடுக்கினால் ஒரு சின்னச் சுவரே எழுப்பலாம். உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகை அழிந்து, போன் என் விரலை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் படகில் என் கை படாத இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். மேலே படிக்கும்போது அது எனக்குக் கொஞ்சம் உதவும்.

உன் அம்மா ஐந்து வருடம் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தைக்கிற திரைச்சீலைகளில் பசை வாடை ஏறிவிடும் என்று என் சட்டையை வாசலிலேயே கழற்ற வைத்தாள். கடைசி வருடம் நான் ஒரு பழைய பாயை வாங்கி வந்து பாய்மரத்தில் ஏற்றிப் பார்த்தேன், அது பெரிய அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி தொங்கியது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் பார்த்துவிட்டு, இதை யாருங்க வெட்டினது, கையைக் கட்டிப் போடணும், என்று சிரித்தாள். மறுநாள் பாய் அவள் தையல் அறையில் கிடந்தது. பாய் என்பது தட்டைத் துணி இல்லை, அதற்கு வயிறு வைத்து வெட்ட வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பார்த்துப் பெரிதாகச் சொன்னேன். வயிறுன்னா எவ்வளவு, எந்த இடத்துல, காத்து எங்க நுழையுது எங்க வெளிய போகுது, என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாலு மாதம் அவளே காற்றாடி விசிறிக்கு முன்னால் துணியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். என் படகைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும் என்ற நிலை அங்கேதான் ஆரம்பித்தது. அப்போது நான் பெருமையாகத்தான் நினைத்தேன்.

கழிமுகத்தில் இறக்கிய அன்று சுக்கானை நான்தான் பிடித்தேன். ஆறு வருடக் கனவு, நாணலுக்குள் மூக்கைச் செருகி நின்றது. தள்ளிவிட்டேன், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் அதே நாணல். மூன்றாவது தடவை அம்மா, கொஞ்சம் நகருங்க, என்றாள். நகர்ந்தேன். அவள் பாயைப் பார்த்தாள், கயிற்றை ஒரு சாண் தளர்த்தினாள், சுக்கானை விரல் நுனியால் தொட்டாள், படகு எழுந்து போயிற்று, அம்மாடி, அப்படி ஒரு போக்கு, எனக்காக ஆறு வருடம் காத்திருந்து அவளைக் கண்டதும் ஓடிய மாதிரி. நான் வைத்திருந்த கம்பீரமான பெயரும் அன்றைக்கே போயிற்று. மூணு காலு இருக்கு, முக்காலிதானே, என்று அவள் சொல்ல, துறைக்காவலர் அதையே பதிவேட்டில் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. துறையில் யார் கேட்டாலும் அது அந்தத் தையல்காரம்மா படகு. புதிதாக வந்த ஒருவர் என்னிடமே, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, எங்க படகுக்கும் ஒரு பாய் தைச்சுத் தரணும், என்றார், நான் அந்தம்மா வீட்டுக்காரர் என்றதும், ஓ, நீங்களும் படகுல வருவீங்களா, என்று கேட்டார். நம் எதிர்வீட்டுப் பல் டாக்டரை உனக்குத் தெரியுமே, ஓய்வுக்குப் பிறகு தினமும் கொட்டகைக்கு வந்து முக்காலியில், அதாவது மர முக்காலியில், உட்கார்ந்து ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு அங்குலம் தேய்த்ததில்லை. அவர் அந்த எட்டு மாதமும் அம்மாவிடம் வாரம் இரண்டு நாள் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். உங்க மனைவி கை பட்டா படகு பேசுதுங்க, என்று என்னிடம் வந்து சொல்வார். ஆறு வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே அந்தப் படகு. நீயும்தான், குறையாகச் சொல்லவில்லை, போன் செய்தால் அம்மாவிடம் முக்கால் மணி நேரம் காற்று எப்படி அலை எப்படி என்று கேட்பாய், போன் என் கைக்கு வந்ததும், அப்பா மாத்திரை போட்டீங்களா. போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன், மனசு மட்டும் எரியும். முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் மேல் இப்படி எரிச்சல் வருமா என்று எனக்கே ஆச்சரியம். அவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா என்றால், இல்லை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் திரும்பி என்னைப் பார்த்து, என்னங்க இது, கொஞ்சம் வந்து பாருங்களேன், என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் துறையில் வருடாந்திரப் போட்டி வந்தது, பன்னிரண்டு படகு, சிவப்பு மிதவை வரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும், படகுக்கு இரண்டு பேர். இரண்டாவது ஆள் நான்தான் என்று நான் கேட்காமலே நினைத்துக்கொண்டிருந்தேன். புதுத் தொப்பிகூட வாங்கியாகிவிட்டது. படிவத்தில் அவள் பல் டாக்டர் பெயரை எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு மறைக்காமல் சொன்னாள், நீங்க உட்கார்ந்தா படகையே பார்க்கறீங்க, எங்க ஒட்டு விடுது எங்க பெயிண்ட் போச்சுன்னு, காத்தைப் பார்க்க மாட்டேங்கறீங்க, அவர் சொன்னதைக் கேட்பாரு. அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் அது அவ்வளவு தைத்தது. அன்றைக்குக் காலையில் வழக்கம்போலப் படகைச் சுற்றிவந்து போல்ட்டுகளை எண்ணினேன், அது என் வேலை, அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. பதினோராவது போல்ட், இடது மிதவையை முன் கட்டையோடு பிடிப்பது, நட்டு விரலாலேயே சுழன்றது. குனிந்து பார்த்தேன், ஓட்டையைச் சுற்றி மரம் நசுங்கி ஈரம் குடித்திருந்தது. முறுக்கினால் மட்டும் போதாது, அந்தப் படகு அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே கூடாது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன் நான், இதைவிடச் சின்னக் குறைக்கெல்லாம் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தையே படியேற வைத்தவன். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பழக்க தோஷம், கட்டையின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அந்த நேரம் பின்னால் பல் டாக்டர் என் தொப்பியைப் போலவே ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார், அம்மா அவருக்கு அதன் கழுத்துக் கயிற்றை முடிந்துவிட்டாள், இருவரும் எதற்கோ சிரித்தார்கள். நான் நிமிர்ந்தேன். காற்று லேசாகத்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது, ஒரு கிரீச் சத்தம் வரும், ஒரு ஆட்டம் காணும், பாதியில் திரும்பி வந்து என்னைக் கேட்பாள், நான் சொல்வேன். இதுதான் வாலு, இவ்வளவையும் முழுசாக, தெளிவாக நினைத்தேன், மறதி இல்லை, கவனக் குறைவு இல்லை. அம்மா, எல்லாம் சரியாங்க, என்று கேட்டாள். ம், என்றேன். அந்த ம்-ஐத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

படகுகள் கிளம்பிப் போன அரை மணியில் காற்று மாறியது. லேசாக இருந்தது வலப்பக்கமிருந்து அடித்துத் தள்ள ஆரம்பித்தது, வலப்பக்கக் காற்றில் இடது மிதவைதான் மொத்த பாரத்தையும் தாங்கும். தூரக்கண்ணாடியில் பார்த்தேன், முக்காலி மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தது, அழகாக, இடது மிதவை பாதி தண்ணீருக்குள் அமுங்கி. கட்டையின் முனை ஒவ்வொரு அலைக்கும் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, அல்லது தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. பார்வையாளர் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன், அறுபத்தைந்து வயதில் எப்படி ஓடினேன் என்று கேட்காதே. மீட்புப் படகுக்காரரை மொட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரிடம், உடனே எடுங்க, என்றேன். அவங்க நல்லாத்தானே போறாங்க, என்றார். போல்ட் கழண்டிருக்கு, என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும், என்றார். காலையிலேயே பார்த்தேன், என்றேன். காலையிலேயா, என்று மட்டும் கேட்டார், பிறகு இயந்திரத்தைக் கிளப்பினார், போகிற வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி வழியில் முக்காலியின் பாய் சட்டென்று சரிந்து மறுபக்கம் திரும்புவதைப் பார்த்தேன், கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன், என் வாயிலிருந்து அம்மாவின் பெயர் வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் இரண்டாவது தடவை. ஆனால் கவிழவில்லை. சத்தம் கேட்டதுமே அவள் குனிந்து பார்த்திருக்கிறாள், படகைத் திருப்பிக் காற்றை இடப்பக்கம் வாங்கியிருக்கிறாள், அப்படிச் செய்தால் இடது மிதவை தண்ணீரை விட்டு எழும்பும், பாரம் இருக்காது. சுக்கானைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, நடு உடலுக்கும் மிதவைக்கும் இடையே கட்டியிருக்கிற வலையில் குப்புறப் படுத்துக் கட்டையையும் மிதவையையும் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், அப்போது ஒரு அலையில் மிதவை உதறியதில் கயிறு மணிக்கட்டைச் சுருட்டி இழுத்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுருங்கிய பாயோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். அம்மா வலது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. பல் டாக்டர் முகத்தில் ரத்தம் இல்லை, தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார், அன்றைக்கு அந்த மனிதர் செய்த வேலைக்கு அவரைப் பற்றி முன்பு எழுதியதையெல்லாம் நான் வாபஸ் வாங்க வேண்டும்.

கரையேறியதும் அம்மா நேரே என்னிடம் வந்தாள், என் சட்டைப் பையில் கையை விட்டுச் சாக்பீஸை எடுத்தாள், என் கண்ணெதிரே பிடித்தாள். சத்தம் எங்கன்னு தேடினேன், பெருக்கல் குறி தெரிஞ்சுது, அதனாலதான் சரியான இடத்துல கட்டினேன், என்றாள். பிறகு, குறி போட்ட கை உங்களுது, சொல்லாத வாய் யாருது, என்று கேட்டாள். சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஏன் என்றும் அவள் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது, அவளுக்கு ஏன் என்று முன்பே தெரிந்திருக்கிறது. தசைநார் பிசகியிருக்கிறது, எட்டு வாரம் தைக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்னார். பதினோரு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு மேசைக்கு வரும், மூடியிருக்கும் தையல் இயந்திரத்துக்கு எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள், நான் தட்டைக் கழுவி வைப்பேன். பன்னிரண்டாம் நாள் நானே போய் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு மாதத்தையும், தொப்பியையும், ம் என்றதையும். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் முழுசாக எழுது என்றாளே. அவள் கேட்டு முடித்துவிட்டு, எனக்கு ஒண்ணும் ஆகலைங்கறதால இதை மறந்துடுவேன்னு நினைக்காதீங்க, மறக்க மாட்டேன், என்றாள். பிறகு, கட்டையை எப்போ மாத்தப் போறீங்க, என்றாள்.

புதுக் கட்டைக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, இறுகிய பிறகு அதற்குள் திரும்பத் துளைத்தேன், இனி மரத்துக்குத் தண்ணீர் போகாது, இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இப்போது ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். படகு இறங்கும் முன் பதினாறு போல்ட்டையும் நான் தொட்டுத் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒன்று சரி, இரண்டு சரி என்று, துறையே கேட்கும்படி. மொட்டை தன் படகில் உட்கார்ந்து, எட்டு கேட்கலைங்க, என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக இறக்கினோம். அம்மாவுக்கு ஒரு கைதான், அதனால் சுக்கான் எனக்கு வந்தது, அவள் முன்னால் உட்கார்ந்து, தளர்த்துங்க, இறுக்குங்க, அங்க பாருங்க தண்ணி கறுக்குது காத்து வருது, என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒரு ஒட்டையும் பார்க்கவில்லை, அவள் கை காட்டிய தண்ணீரை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள், சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. படகு எழுந்து போயிற்று. எனக்கு. திரும்பி வந்ததும் துறைக்காவலர், ஐயா இன்னிக்குப் பிரமாதமா ஓட்டினீங்க, என்று என் கையைக் குலுக்கினார், அம்மா கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், இன்னிக்குக் காத்து நல்ல காத்து, யார் பிடிச்சாலும் போகும், என்றாள். வந்ததும் அலமாரிக் கதவு ஒன்று தேவைக்கு மேல் சத்தமாகச் சாத்திக்கொண்டது. டீ போடும்போது, கடைசித் திருப்பத்துக்கு முன்னாடி பாயைத் தளர்த்தினீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, என்று கேட்டாள், தானாகத் தோன்றியது என்றேன், ஐந்து நிமிடம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு மாதம் எனக்குள் ஓடிய குரல். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்து, உனக்குப் பொறாமையா, என்று கேட்டே விட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, ஆமா, பொறாமைதான், என்ன இப்போ, என்றாள். சர்க்கரையைப் போட்டாள், கலக்கினாள், டம்ளரை என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். நான் எட்டு மாதம் புழுங்கி, அவள் உயிரையே பணயம் வைத்தும் சொல்ல முடியாமல் போனதை அவள் டீயை ஆற்றுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் வாலு, அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஆற வேண்டிய நேரம் ஆறட்டும், ஆனால் பதில் மட்டும் போடு. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல பசியுமாகப் பல காலம் வாழ வேண்டும், இது எங்கள் இருவரின் ஆசி. மாப்பிள்ளை கண் பரிசோதனைக்குப் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன், இந்த மாதம் முடிவதற்குள் அழைத்துப் போ, சாக்குச் சொன்னால் நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னிடம் ஒன்றையும் மறைக்காமல் எழுதிய,
அப்பா